மூக்கறுந்தவன் கேட்ட சங்கீதம்

ஒரு நல்ல மனிதரை நான் ஏமாற்றிவிட்டேன். ஏமாற்ற வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த காரியமல்ல; என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்த பழக்கத்தில் அவரையும் கூடச் சேர்த்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை அதற்குப் பிராயச்சித்தம். ஆகவே இதில் கொஞ்சம் கோபம் இருக்கும். அந்தக் கோபத்தில் பாதி பிறர் மீது. பாதி என் மீது. எது எந்தப் பாதி என்பதை வாசகர்களே பிரித்துக்கொள்ளலாம்.

விஷயம் ஸ்பீக்கர் பற்றியது. வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்களே, அந்த ஸ்பீக்கர். "இது பணக்காரர்களின் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் பணக்காரனல்ல, நான் ஏமாற்றிய மனிதரும் பணக்காரரல்ல. தவிரவும், இந்த வியாபாரத்தில் விற்கப்படுவது வெறும் பெட்டியும் கம்பியும் மட்டுமல்ல. "உன் காதை நீ நம்பாதே" என்கிற உபதேசமும் கூடவே விற்கப்படுகிறது. அதை வாங்கியவன் எதைத்தான் வாங்கமாட்டான்?

மூன்று வருஷங்களுக்கு முன்னால் என் நாவல் ஒன்றைப் படமெடுக்க வாங்கிக்கொண்டார்கள். படம் வரவில்லை; பணம் வந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக மொத்தமாகக் கையில் விழுந்த பணம். அதில் இரண்டரை லட்சத்தைக் கொடுத்து ஒரு ஜோடி ஸ்பீக்கரும், அதை ஓட்டுவதற்கு ஆம்ப்ளிஃபையரும் வாங்கினேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. "எங்கே வைக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். இந்த விவகாரம் முழுவதிலும் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடைக்காரர் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் அறை 12 அடிக்கு 12 அடி. சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, 10 அடி உயரத்தில் கான்கிரீட் கூரை. ஒரு பக்கம் இரும்பு பீரோ. மிச்சமிருந்தது இரண்டு மூலை. அந்த மூலைகளில் ஆளுக்கொன்றாகப் பெட்டிகளைத் தள்ளிவைத்துவிட்டு, எதிர்ச் சுவரோடு நாற்காலியைப் போட்டு, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

மிருதங்கத்தின் இடது பக்கத்தைத் தொப்பி என்பார்கள். ரவையைப் பிசைந்து அதில் அப்பியிருப்பார்கள். நல்ல வித்வான் கை அதன்மேல் அழுந்தி நகரும்போது எழுகிற கும்கி இருக்கிறதே, அது பேசும், கொஞ்சும், கேள்வி கேட்கும். என் அறையில் அது பேசவில்லை. எந்தத் தட்டுக்கும் ஒரே பதில்: 'பொம்'. மெல்லத் தட்டினாலும் 'பொம்'. வழித்து இழுத்தாலும் 'பொம்'. பாடுகிறவர் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்காரர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "சார், ஸ்பீக்கர் இந்தத் தரம். ஆனா ஒயர்? சாதாரண ஒயர் போட்டிருக்கீங்க. அது நியாயமா?" என்றார். நியாயம் என்ற சொல் எழுத்தாளனை உடனே வீழ்த்திவிடும். 60,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி கேபிள் வாங்கி வந்தேன். பாம்பு மாதிரி தடிமன். மேலே பட்டு நூல் பின்னல். வைப்பதற்கு வெல்வெட் பெட்டி. மாட்டினேன். கேட்டேன்.

'பொம்.'

அப்போது வீட்டில் நண்பர்கள் இருவர் இருந்தார்கள். "எப்படி?" என்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா! திரை விலகின மாதிரி இருக்கு!" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

நம் ஊர்ப்பக்கம் ஒரு பழைய கதை உண்டு. ஏதோ குற்றத்துக்காக ஒருவனுக்கு மூக்கை அறுத்துவிட்டார்கள். ஊர் சிரித்தது. அவன் ஆகாயத்தைப் பார்த்து, "ஆண்டவனே! தெரிகிறாயே! இத்தனை நாளும் இந்த மூக்கல்லவா மறைத்துக்கொண்டிருந்தது!" என்று ஆனந்தக் கூத்தாடினான். அதைப் பார்த்த ஒரு பக்தன் தன் மூக்கையும் அறுத்துக்கொண்டு வந்தான். ஆகாயத்தைப் பார்த்தான், ஒன்றையும் காணோம். முதல் ஆசாமி அவன் காதோடு சொன்னான்: "போன மூக்கு வராது. தெரியவில்லை என்று சொன்னால் ஊர் உன்னைப் பார்த்தும் சிரிக்கும். பேசாமல் நீயும் ஆடு." அவனும் ஆடினான். இப்படியே ஒரு மூக்கறுந்தவர் சபை வளர்ந்ததாம்.

60,000 ரூபாய் என் மூக்கு. நானும் ஆடினேன்.

என் ஆட்டத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான் பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டு வந்தவன். எனக்கு இலக்கணப் பிழை பார்த்துக் கொடுப்பவர் அவர்தான். மதுரை மணி ஐயர் என்றால் அவருக்கு உயிர். 1968-இல் மறைந்த அந்த மகாவித்வானை அவர் நேரில் கேட்டதில்லை. பழைய கச்சேரிப் பதிவுகளின் வழியாகத்தான் பழக்கம். இரைச்சலும் கீறலுமான அந்தப் பதிவுகளை ஒரு பழைய ரேடியோப் பெட்டியில் இணைத்துக் கேட்டுவந்தார். நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, ஓய்வூதியப் பணத்திலிருந்து எடுத்து அவரும் ஸ்பீக்கர் வாங்கினார். "கேபிள் அவசியமா தம்பி?" என்று என்னைக் கேட்டார். "அவசியம் ஐயா" என்றேன். 85,000 ரூபாய்க்கு வாங்கினார். என்னுடையதைவிட ஒருபடி மேல். கடையிலிருந்து ஆள் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் போய்க் கேட்டேன். ஆச்சரியம்! அங்கே 'பொம்' இல்லை. ஒலி அறை முழுவதும் பரந்து கிடந்தது. "பார்த்தீங்களா ஐயா, என்ன விசாலம்!" என்றேன். அடுக்களையிலிருந்து அவர் மனைவி வந்து நின்று கேட்டார். அவர் சங்கீதம் படித்தவரல்லர். கணவர் கேட்பதை நாற்பது வருஷமாகக் கூடவே கேட்டவர்.

"பரவிக் கிடக்குது, சரிதான். பாடுறவர் எங்க இருக்கார்னே தெரியலையே? பழைய பெட்டியில எதிர்ல உட்கார்ந்த மாதிரி இருப்பாரே" என்றார்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். காதைப் பழக்க வேண்டும் அம்மா, போகப் போகத் தெரியும் என்று நான் அவருக்கு ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். அந்தச் சிரிப்பும் அந்தப் பிரசங்கமும்தான் என் குற்றம். மற்றதெல்லாம் பணம்.

என் கண்ணைத் திறந்தவன் என் பெரியப்பா மகன். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவன்; கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவன். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்கு வந்தவன் என் வீட்டில் தங்கினான். பாட்டைப் போட்டேன். இரண்டு நிமிஷம் கேட்டான்.

"ஏலே, என்ன இது, கிணத்துக்குள்ள இருந்து பாடுத மாதிரி இருக்கு? ரெண்டையும் ஏன் மூலையில முடக்கி வச்சிருக்க? நாம பானையைத் தூக்கிக்கிட்டு வீடு பூரா அலைஞ்சது மறந்துபோச்சா?"

மறந்துதான் போயிருந்தது. 1980-களின் கடைசியிலும் 90-களிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். டேப் ரிக்கார்டரோடு வரும் ஸ்பீக்கர் போதாது; தனியாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி, மண்பானையின் வாயில் பொருத்திவிடுவோம். அதற்குப் பிறகு கீழ்ஸ்தாயி உயிர்பெறும். காரணம் எளிது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கீழ்ஸ்தாயியில் இது மிகவும் அதிகம். பின்பக்க அலையைப் பானை உள்ளே பூட்டி வைத்துவிடுகிறது. 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் இன்று நாம் காணும் கூம்பு ஸ்பீக்கரின் மூலவடிவத்தை வெளியிட்ட நாள் முதல், இந்தப் பின்பக்க அலையை என்ன செய்வது என்பதுதான் பெட்டி செய்கிறவர்களின் பெரிய கவலை. எங்களுக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. பானை தெரியும்.

பானையைச் செய்ததோடு நாங்கள் நிறுத்தவில்லை. சுவரோரம் வைத்தோம், இரைந்தது. திண்ணையில் வைத்தோம், மெலிந்தது. நடுவீட்டில், நெல்மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தபோது பெரியம்மாவே, "இப்ப நல்லாருக்கு, இனி அதைத் தொடாதீக" என்றாள். காசில்லாத பையன்கள் செய்த அந்தச் சோதனையை, காசு வந்த பிறகு நான் செய்யவில்லை. காசு கொடுத்ததாலேயே செய்யவில்லை. இவ்வளவு விலை கொடுத்த பொருள் எங்கு வைத்தாலும் நன்றாகத்தானே பாட வேண்டும் என்று ஓர் எண்ணம்!

அண்ணன் பெட்டிகளை மூலையிலிருந்து இழுத்தான். பின்சுவரிலிருந்து இரண்டே முக்கால் அடி, பக்கச்சுவரிலிருந்து இரண்டடி. என் நாற்காலியைச் சுவரிலிருந்து பிடுங்கி முன்னால் போட்டான். முகத்தை நோக்கிப் பெட்டிகளைச் சற்றுத் திருப்பினான். அரை மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். செலவு, இரண்டு டம்ளர் காப்பி.

கும்கி பேசியது.

நான் சந்தோஷப்படவில்லை. தமிழாசிரியரின் 85,000 ரூபாய் நினைவுக்கு வந்தது.

ஏன் இப்படி என்பதை அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. 12 அடிச் சுவர்களுக்கிடையே அது போய்த் திரும்பும் தூரம் 24 அடி. கணக்குப் போட்டால், வினாடிக்கு ஏறக்குறைய 47 அதிர்வுள்ள ஒலி அந்த அறையில் ஊஞ்சல் போல ஆடத் தொடங்கிவிடும். அதன் இரட்டிப்பான 94-ம் ஆடும். என் அறை சதுரம். நீளமும் அகலமும் ஒன்றானதால் இரண்டு திசையிலும் அதே எண். ஊஞ்சலை இரண்டு பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள். மூலையில் வைத்த பெட்டி அந்த எல்லா ஊஞ்சலையும் முழு பலத்தோடு தள்ளும். பக்கத்திலிருக்கும் ஒவ்வொரு சுவரும் கீழ்ஒலியை 6 டெசிபல் வரை உயர்த்தும். சுவரில் சாய்ந்திருக்கும் தலையோ அந்த ஊஞ்சல் மிகவும் உச்சமாக ஆடும் இடத்தில் இருக்கிறது. ஆக, நான் கேட்டது மிருதங்கமல்ல, என் அறையை. தொப்பியை யார் தட்டினாலும் பதில் சொன்னது என் சுவர்.

அறைதான் பாதி வாத்தியம் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவு மண்டபத்தில் பேச்சே புரியவில்லை. சொன்ன சொல் ஐந்தரை வினாடி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்ததாம். அதைச் சரிசெய்ய வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் புதிய பேச்சாளரைக் கொண்டுவரவில்லை. பக்கத்து அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். எத்தனை மெத்தைக்கு எத்தனை வினாடி குறைகிறது என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கிலிருந்து பிறந்த சாஸ்திரத்தால் 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பனி மண்டபம் இன்றைக்கும் உலகத்தின் சிறந்த சங்கீத மண்டபங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. மெத்தையைச் சுமந்த அந்தக் கையை நான் வணங்குகிறேன். நம் நிபுணர்களோ வெல்வெட் பெட்டியைத்தான் சுமக்கிறார்கள்.

கேபிளின் கணக்கையும் பார்த்துவிடலாம். வீட்டில் பவர் பிளக்குக்கு எலெக்ட்ரீஷியன் இழுக்கிறாரே, 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி. அதை ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போட்டால், போக வர அதன் தடை சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கரின் தடை பொதுவாக 8 ஓம். இதனால் ஏற்படும் இழப்பு ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே அறையில் தலையை ஓர் அடி நகர்த்தினால் கீழ்ஒலியில் பல டெசிபல் ஏறி இறங்கும். தலையை நகர்த்தக் காசில்லை. ஆகவே அதற்கு மதிப்பில்லை!

இங்கே ஒரு பெரிய மனிதர் எழுந்து, "ஓய், கணக்கு வேறு, ரசனை வேறு. நுண்மையான காதுக்குத்தான் அதெல்லாம் கேட்கும்" என்பார். இவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். சிறிது காலம் முன்பு வரை நானே இவராக இருந்தேன். இவருக்கு நான் ஒரு சம்பவம் சொல்கிறேன். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆராய்ச்சியாளர்கள் இருவர் 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஸ்பீக்கர் கம்பெனி ஒன்றைச் சேர்ந்த 40 பேர். முதலில் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்துக் கேட்கச் செய்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு திரையை விலக்கி, கண்ணால் பார்க்க வைத்துப் போடச் சொன்னார்கள். பார்த்தவுடன் மதிப்பெண் மாறியது. பெரிதாக, அழகாக இருந்தவை ஏறின. சிறியதாக, மலிவாக இருந்தது இறங்கியது. இது எதிர்பார்த்ததுதான். எனக்கு உறைத்தது இன்னொன்று. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தபோது ஏற்பட்ட வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாதபோது அவர்கள் காதுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெட்டி கண்ணுக்குத் தெரிந்தபோதோ, அந்த வித்தியாசத்தைக் காது பெரும்பாலும் விட்டுவிட்டது! பார்க்கிற கண் கேட்கிற காதை அடைத்துவிடுகிறது. ரசனையுள்ள பெரியவரே, உம்முடைய நுண்மையான காதுக்குத் திரை போட நீர் சம்மதிப்பீரா? கேபிளை மாற்றினேனா இல்லையா என்று சொல்லாமல் பத்து தடவை போட்டுக்காட்டுகிறேன். சரியாகச் சொல்லும், உம் காலில் விழுகிறேன்.

சரி, இவ்வளவு தெளிவான விஷயத்தை ஏன் யாரும் சொல்வதில்லை? பெட்டியை இரண்டடி நகர்த்துவதில் யாருக்கும் கமிஷன் இல்லை. அவ்வளவுதான். நகர்த்து என்று சொன்ன கடைக்காரனுக்கு அன்றைய வியாபாரம் போயிற்று. அவனையும் நான் முழுக்கத் திட்டமாட்டேன். அவன் வயிற்றுக்கு விற்கிறான். வாங்கிவிட்டு ஆடுகிறோமே, நாம் யார் வயிற்றுக்கு ஆடுகிறோம்? தன் அறுந்த மூக்குக்குத் துணையாக இன்னொரு மூக்கைத் தேடுகிறோம். வேறென்ன?

நான் நல்ல ஸ்பீக்கரே வேண்டாம் என்பவனல்ல. பானை பானைதான், நல்ல பெட்டி நல்ல பெட்டிதான். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டவர்களும் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் கண்டார்கள். எது நல்லது என்பதில் பெரும்பாலும் ஒத்தே போனார்கள். ஆகவே ஸ்பீக்கருக்குச் செலவழிப்பவனை நான் குறை சொல்லவில்லை. வாங்கிய பொருளை மூலையில் முடக்கிவைத்து, அதன் குறையைக் கம்பியில் தேடுகிறவனைத்தான் சொல்கிறேன்.

அவனுக்கு, அதாவது எனக்கு, நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கம்பியின் சிவப்பு, கறுப்பு முனைகள் இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இது ஏன் முதலில் என்பது பின்னால் விளங்கும். அடுத்து, இரண்டு பெட்டிகளுக்கிடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும், முக்கோணம் போல. மூன்றாவது, பெட்டியைச் சுவரை விட்டு வெளியே இழுக்க வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையை ஏதாவது ஓரிடத்தில் தின்னத்தான் செய்யும். இரண்டடித் தூரமானால் வினாடிக்கு 140 அதிர்வுப் பக்கம். அது ஆண்குரலின் அடிப்பகுதி. இதை அடியோடு தவிர்க்க முடியாது. ஆனால் பின்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் ஒரே தூரம் வைத்தால், இரண்டும் ஒரே இடத்தில் தின்று பள்ளம் பறித்துவிடும். தூரங்கள் வேறு வேறாக இருக்கட்டும். உட்காருகிற தலையும் சுவரோடு ஒட்டக் கூடாது. அறையின் நட்டநடுவிலும் கூடாது. ஊஞ்சல் அடியோடு ஆடாத இடம் அது. அங்கே கீழ்ஒலி காணாமல் போகும்.

நான்காவது நம்மவர்களுக்காகவே. ஸ்பீக்கர் வைக்கும் ஸ்டாண்டு நாற்காலியில் உட்காருகிறவனின் காதுக்காகச் செய்யப்பட்டது. நாம் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாளம் போடுகிற ஜாதி. அப்போது நம் காது தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கும். மேல்ஒலியைத் தரும் சின்னக் கூம்பு தலைக்கு மேலே எங்கோ பாடும். பெரிய கூம்பும் சின்னக் கூம்பும் வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் ஒலியில் ஓட்டை விழும். பாயில் உட்காருகிறவர் பெட்டியைத் தாழ்த்தட்டும். அல்லது முன்னால் சற்றுச் சாய்த்து வைக்கட்டும்.

ஐந்தாவது, பக்கச்சுவர். ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோரமாகவே நகர்த்திக்கொண்டு போகட்டும். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலி பட்டுத் திரும்புகிறது. வெற்றுச் சுவரானால் அங்கே ஓர் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்துங்கள். புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. எழுத்தாளன் வீட்டில் விற்காத புத்தகத்துக்கு இப்படியாவது ஓர் உபயோகம்! முட்டை அட்டையை மட்டும் ஒட்டாதீர்கள். அதனால் சுவர் அசிங்கமாவதைத் தவிரப் பெரிய பலன் ஒன்றுமில்லை. கணினியும் மைக்கும் வைத்து அளக்கத் தெரிந்தவர்கள் அளக்கலாம். அதற்கான நிரல் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எந்த நிரலும் மேட்டைத்தான் செதுக்கும். அலைகள் ஒன்றை ஒன்று தின்று விழுந்த பள்ளத்தை அது நிரப்பாது. அதற்குப் பெட்டியைத்தான் நகர்த்த வேண்டும்.

"வீட்டில் நடமாட வேண்டாமா? நடுவீட்டில் பெட்டியை வைத்தால் குழந்தைகள் எங்கே ஓடும்?" என்பது நியாயமான கேள்வி. என் மனைவி அதற்கு வழி சொன்னாள். தரையில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டாள். கேட்கும்போது பெட்டியைக் குறிக்கு இழுக்கிறேன். கேட்டு முடித்ததும் சுவரோரம் தள்ளுகிறேன். சுருதி சேர்க்காமல் வித்வான் பாடுவதில்லை. பெட்டியை இழுத்துப்போடும் அந்த ஒரு நிமிஷம் ரசிகனின் சுருதி சேர்ப்பு என்று வைத்துக்கொண்டேன்.

இனி, அந்தத் தமிழாசிரியர்.

அண்ணனை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் பாட்டைக் கேட்கக்கூட இல்லை. பெட்டியின் பின்னால் குனிந்து கம்பியைத் தடவினான். அந்த உயர்ந்த கேபிளின் இரண்டு முனைகளும் ஒரே கறுப்பு. எது எது என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. கடை ஆள் ஒரு பெட்டியில் மாற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு பெட்டி தள்ளும்போது மற்றது இழுத்திருக்கிறது. கீழ்ஒலி ஒன்றை ஒன்று தின்றுவிட்டது. குரல் நிற்க இடமில்லாமல் அறையெங்கும் அலைந்தது. 'பொம்' இல்லை என்று நான் வியந்ததற்கும், 'என்ன விசாலம்' என்று நான் புகழ்ந்ததற்கும் காரணம் இதுதான். தலைகீழாக மாட்டிய கம்பியைத்தான் நான் பாராட்டிப் பிரசங்கம் செய்திருக்கிறேன்!

இப்போது தெரிகிறதா, முதலில் எதைப் பார்க்கச் சொன்னேன் என்று? இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். பழைய பதிவுகள் ஒற்றை மைக்கில் ஒற்றைத் தடத்தில் எடுத்தவை. அப்படி ஒன்றை இரண்டு பெட்டியிலும் போட்டால், பாடுகிறவர் இரண்டுக்கும் நட்டநடுவே ஆள் உட்கார்ந்த மாதிரி தெரிய வேண்டும். தெரியாவிட்டால், கம்பியோ இடமோ தப்பு. அந்த அம்மாள் கேட்ட கேள்வி இதே சோதனைதான். "பாடுறவர் எங்க இருக்கார்?"

அண்ணன் கம்பியை மாற்றினான், பெட்டிகளை நகர்த்தினான். மணி ஐயரின் கல்பனாஸ்வரம் எழுந்தது. அந்த அம்மாள் ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றார். "இப்பதாங்க வந்து உட்கார்ந்திருக்கார்" என்றார்.

ஆசிரியர் வெகுநேரம் பேசவில்லை. பாட்டு முடிந்த பிறகு, "தம்பி, அன்னிக்கு அவ இதைச் சொன்னப்போ நாம ரெண்டு பேரும் சிரிச்சோம்" என்றார். அவ்வளவுதான். என்னைக் குற்றம் சொல்லவில்லை. 'நாம' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

கடையில் கேபிளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பணத்தில் பாதியை நான் தருகிறேன் என்றேன்; அவர் வாங்க மறுத்துவிட்டார். "பணம் கிடக்கட்டும். நீங்க பத்திரிகையில எழுதுறவர். நம்ம ரெண்டு பேரும் மூக்கை அறுத்துக்கிட்ட கதையை ஒளிக்காம எழுதிடுங்க" என்றார்.

எழுதிவிட்டேன். எனக்கு ஆண்டவன் தெரியவில்லை ஐயா, மூக்குத்தான் போயிற்று. உங்கள் வீட்டிலும் மூலையில் ஒரு ஜோடிப் பெட்டி இருக்குமானால், அடுத்த கம்பிக்குப் பணம் எண்ணுவதற்கு முன் அதை இரண்டடி முன்னால் இழுத்துப் போடுங்கள். பிறகு, அடுக்களையில் இருப்பவரைக் கூப்பிட்டு, பாடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள்.